இறங்கச் சொல்லாத ரோடு

சைக்கிள் ஓட்டிப் பயிற்சி எடுக்க ஒரு வாரம் லீவு போட்டு, கையிலிருந்து காசும் கட்டி, விமானம் ஏறி மலைக்குப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் இது பெரிய தொழில். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் குளிர் விடுவதற்கு முன்னாலேயே, மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த மயோர்க்காத் தீவில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். தீவின் வடமேற்குக் கரை நெடுக திரமுந்தானா என்கிற மலைத்தொடர். காலையில் மலை ஏறுவது, மத்தியானம் இறங்குவது, ராத்திரி நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் படுப்பது, விடிந்தால் மறுபடி மலை. இதற்குப் பேர் விடுமுறை. உடம்பு நோகாமல் கிடப்பதுதான் லீவு என்று நினைத்திருந்த எனக்கு, பணம் கட்டிக் கஷ்டப்படுகிற இந்த ஏற்பாடு முதலில் பிடிபடவில்லை. நம்ம ஆட்களுக்குக் கஷ்டம் இலவசமாகவே கிடைத்துவிடுகிறது.

நான் போனது ஒரு தற்செயல். பிறப்பாலும் தொழிலாலும் மனிதரை ஒதுக்குவது பற்றி ஜெனிவாவில் ஒரு கூட்டம். அங்கே பழக்கமான ஜெர்மன் தோழி ஒருத்தி, வருஷா வருஷம் தன் சைக்கிள் கிளப்போடு மயோர்க்கா போகிறவள். கிளப்பில் ஒருவருக்குக் கை எலும்பு முறிந்துவிட்டது. அறைக்கும் சைக்கிளுக்கும் கட்டின பணம் வீணாகப் போகிறது, நீ வாயேன் என்றாள். அதே விசாவில் ஸ்பெயினுக்கும் போகலாம். தினமும் இருபது கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிறவள்தானே என்ற தைரியத்தில் சரி என்றேன்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது கேட்டது: “ஏத்தா, சைக்கிள் ஓட்டக் கத்துக்கவா அம்புட்டுத் தூரம் போற? பொட்டல்ல நான் கத்துக் குடுத்தது பத்தலயா?”

எங்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டம். 1991, 92இல் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்தில் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். ஆயிரக்கணக்கான பெண்கள், கூலிக்காரிகள், கல்லுடைக்கிறவர்கள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிள் ஏறினார்கள். அதில் எங்க அம்மாவும் ஒன்று. கைப்பிள்ளையான என்னை வேப்பமரத்தடியில் கிடத்திவிட்டுப் பொட்டலில் விழுந்து எழுந்து பழகியதை இன்னமும் சொல்லும். ஊர்வலம் நடந்த அன்றைக்கு அதிகாரிகள் கூடவே வந்தார்கள். சேரிப் பெண்களும் ஊர்த்தெரு வழியாகச் சைக்கிளில் ஏறிப் போனார்கள். “மறுநா என்னம்மா பண்ணுனீங்க?” என்று கேட்டிருக்கிறேன். “மறுநா என்ன, பழையபடி எறங்கித் தள்ளிக்கிட்டுத்தான்.”

நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊர்த்தெரு வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுப்பதும், துண்டை இடுப்பில் கட்டுவதும், சைக்கிளை விட்டு இறங்குவதும் ஒரே சட்டத்தின் மூன்று பிரிவுகள். எங்க தாத்தா ரோடு வேலை பார்த்தவர். ஜல்லி உடைத்து, தார் காய்ச்சி, அந்த ஊர்த்தெருவுக்கு ரோடு போட்ட கும்பலில் அவரும் இருந்தார். காலில் தார் பட்ட தழும்பு சாகிறவரை இருந்தது. அந்த ரோட்டில் அவர் ஒரு நாளும் சைக்கிளில் உட்கார்ந்து போனதில்லை.

தமிழக அரசு 2001இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்குத்தான் முதலில் இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. பிறகு 2005இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று ஆனது. எனக்கு 2006இல், பதினொன்றாம் வகுப்பில் கிடைத்தது. பள்ளிக்கூடம் ஊர்த்தெருவைத் தாண்டி. சேரிப் பிள்ளைகள் ஏழு பேர், புது சைக்கிள் ஏழு. தெரு முனையில் ஏழு பேரும் இறங்குவோம். யாரும் கத்தவில்லை, அடிக்கவில்லை. திண்ணையில் நாலு பெருசுகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். எங்களில் ஒருத்தியின் தம்பி ஒரு தடவை இறங்காமல் போனான். சாயங்காலம் அவன் சைக்கிளில் இரண்டு டயரும் கிழிந்திருந்தன. சைக்கிள் கொடுத்த அரசாங்கம் தெருவைக் கொடுக்கவில்லை.

இந்தக் கால்களோடுதான் மயோர்க்கா போய் இறங்கினேன்.

போயென்சா துறைமுகம் என்கிற கடற்கரை ஊரில் தங்கல். முதல் நாள் சைக்கிள் கொடுத்தார்கள். ஒரு கையால் தூக்கிவிடலாம். நம் பணத்துக்கு மூன்று லட்சத்துக்குக் குறையாது. கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மட்கார்டு இல்லை. எங்க அம்மா பார்த்தால் இதில் ஒரு குடம் தண்ணிகூடக் கொண்டாற முடியாதே என்று ஒதுக்கியிருக்கும். இந்த சைக்கிளில் ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொள்கிறார்கள். ஷூவின் அடியில் ஒரு கொக்கி, பெடலில் அது போய் மாட்டிக்கொள்ளும், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். மிதிக்கிற பலம் சிந்தாமல் சக்கரத்துக்குப் போகுமாம். நான் வேண்டாம் என்றேன். சாதாரணப் பெடல் போதும். ஏன் என்று கேட்டார் கடைக்காரர். “கால் நினைச்ச நேரத்துல தரைக்கு வரணும்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஸ்பானரை எடுத்தார்.

வேகத்தை வைத்து நாலு குழுவாகப் பிரித்தார்கள். நான் கடைசிக் குழு. ஒன்பது பேர், ஐம்பது வயதுப் பக்கம் ஒரு உள்ளூர்க்காரர் வழிகாட்டி. முதல் இரண்டு நாள் சமவெளியில் ஓட்டம். பாதாம் மரங்கள், ரோட்டின் இரண்டு பக்கமும் சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கின சுவர்கள்.

கூட்டமாக ஓட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் பக்கத்தில் இருக்க வேண்டும். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார், பின்னால் வருகிறவருக்குக் கால்வாசிக்கு மேல் உழைப்பு மிச்சம். கொஞ்ச நேரத்தில் முன்னவர் ஒதுங்கிப் பின்னால் வருவார், அடுத்தவர் காற்றை வாங்குவார். குழி இருந்தால் முன்னவர் கையைக் கீழே நீட்டிக் காட்டுவார், அது வரிசையாகக் கடைசி ஆள் வரைக்கும் போகும். முதல் ஒரு மணி நேரம் பயந்தேன், அப்புறம் எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. (நம்ம இயக்கங்களில் முன்னால் போய் நின்றவர் தானாக ஒதுங்கிப் பின்னால் வந்து நான் பார்த்ததில்லை. பெண்களைக் காற்றில் முன்னே விட்டதையும் பார்த்ததில்லை, போலீஸ் தடியடி நடக்கிற நாளைத் தவிர.)

மிதிப்பதற்கும் கணக்கு. நாங்கள் ஒரே ஒரு பல்சக்கரம் உள்ள வண்டியில், மேடு வந்தால் சீட்டை விட்டு எழுந்து மொத்த உடம்பையும் பெடலில் போட்டு மிதித்துப் பழகியவர்கள். அது தப்பு என்றார் வழிகாட்டி. கியரை இளக்கி வைத்துக்கொண்டு, நிமிஷத்துக்கு எண்பது, தொண்ணூறு சுற்று என்று லேசாகச் சுற்ற வேண்டும். பசிக்கு முன்னால் தின்ன வேண்டும், தாகத்துக்கு முன்னால் குடிக்க வேண்டும். பசிக்கு முன்னால் தின்பது என்பதை ஒரு பாடமாகவே அங்கேதான் கேட்டேன்.

இரண்டாம் நாள், தீவின் நடுவில் சினேயு என்று ஒரு பழைய ஊர். கல் பாவின ஒடுக்கமான தெரு. ஒரு மதுக்கடை வாசலில் நாலைந்து கிழவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாங்கள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கிவிட்டேன். இறங்க வேண்டும் என்று நினைக்கவில்லை. கால் போய்விட்டது, கை பிரேக்கைப் பிடித்துவிட்டது. பின்னால் வந்த டென்மார்க்குக்காரி என்மேல் மோதாமல் சுவர்ப் பக்கமாக ஒடித்துத் தப்பித்தாள். பஞ்சரா, சங்கிலி கழன்றதா என்று எல்லாரும் நின்று கேட்டார்கள். கிழவர்களில் ஒருத்தர் எழுந்து வந்து சைக்கிளைக் குனிந்து பார்த்தார், உதவி செய்யலாம் என்று. ஒன்றுமில்லை என்று சொல்லி ஏறினேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எனக்கு முப்பத்தைந்து வயது. எம்.ஏ. தமிழ் படித்திருக்கிறேன். சாதி ஒழிப்பு பற்றி எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. பேச்சும் படிப்பும் முழங்காலுக்குக் கீழே இறங்கவே இல்லை. சாதி கருத்தில் இருக்கிறது என்று நாம் எழுதுகிறோம், கோட்பாடு பேசுகிறோம். அது தொடைச் சதையில் இருக்கிறது, மணிக்கட்டில் இருக்கிறது. பயிற்சி, பயிற்சி என்று இந்த வெள்ளைக்காரர்கள் ஒரு வாரத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். எங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பயிற்சி நடந்திருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருந்த நாலு பேர்தான் பயிற்சியாளர்கள். அவர்கள் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு நல்ல பயிற்சி.

சைக்கிளும் ஒன்றும் சாதியில்லாத பொருளாகப் பிறந்துவிடவில்லை. அமெரிக்காவில் பெரிய சைக்கிள் சங்கம் ஒன்று, கறுப்பர் உறுப்பினராகக் கூடாது என்று 1894இல் விதி போட்டது. மேஜர் டெய்லர் என்ற கறுப்பர் 1899இல் உலகச் சாம்பியன் ஆனார். அந்த விதி தப்பு என்று சங்கம் முறைப்படி ரத்து செய்தது 1999இல்.

மூன்றாம் நாள் ஃபெமேனியா கணவாய் ஏறி யுக் மடம் வரைக்கும். நல்ல ஏற்றம், மூச்சு வாங்கியது, வேறு விசேஷம் இல்லை.

நாலாம் நாள்தான் சா கலோப்ரா. சைக்கிள்காரர்கள் இந்தப் பெயரைக் கோவில் பெயர் மாதிரிச் சொல்கிறார்கள். மலை உச்சிக்குப் பக்கத்திலிருந்து கடல் வரைக்கும் ஒன்பதரை கிலோமீட்டர், 26 கொண்டை ஊசி வளைவு. ஓரிடத்தில் ரோடு தன்னைத் தானே சுற்றிக்கொண்டு தன் அடியிலேயே நுழைந்து போகும். கழுத்து டை முடிச்சு என்று அதற்குப் பேர். மற்ற மலைகளில் ஏறிவிட்டு இறங்குவோம். இங்கே முதலில் இறக்கம். கீழே கடல், சின்னத் துறை, வேறு ரோடு கிடையாது. இறங்கின ஆள் அதே வழியில் கிட்டத்தட்ட 680 மீட்டர் உயரம் ஏறி வந்தாக வேண்டும். அந்தோனியோ பாரியெத்தி என்ற பொறியாளர் 1932இல் போட்ட ரோடு. அவர் பெயரைச் சொல்லாத ஆள் இல்லை. மலையை வெட்டினவர்கள், கல் சுமந்தவர்கள் யார் என்று கேட்டேன், எங்கள் குழுவில் யாருக்கும் தெரியவில்லை. திரமுந்தானா மலைச்சரிவு முழுக்கக் கல்லடுக்கி மண்ணைக் கட்டி ஒலிவமரம் வைத்திருக்கிறார்கள். அதற்காகவே 2011இல் யுனெஸ்கோ இந்த மலைத்தொடரை உலகப் பாரம்பரியம் என்று அறிவித்தது. கல் அடுக்குகிற தொழிலாளிக்கு மார்ஜெர் என்று அங்கே ஒரு சொல் இருக்கிறது. சொல்லாவது இருக்கிறதே என்று பட்டது. எங்க தாத்தா ரோடு போட்டதற்குச் சொல்லும் இல்லை, தழும்பு மட்டும்தான்.

இறக்கம் எனக்கு ஏற்றத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. கை பிரேக்கை விடவே மாட்டேன் என்றது. வழிகாட்டி பக்கத்தில் வந்து ஓட்டிக்கொண்டே சொன்னார்: வளைவுக்கு முன்னாலேயே பிரேக் பிடி, வளைவுக்குள் விட்டுவிடு. வெளிப்பக்கக் காலைக் கீழே இறக்கி அதில் எடையைப் போடு. பயப்படுகிற இடத்தைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார். பள்ளத்தைப் பார்த்தால் சைக்கிள் பள்ளத்துக்கே போகும். ஆறேழு வளைவு தாண்டின பிறகு வந்துவிட்டது. ஒரு பெரிய டூரிஸ்ட் பஸ் எங்களுக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. என் ஒருத்திக்காக ஒரு பஸ் நிறைய ஆட்கள் பொறுமையாக வருகிறார்கள் என்பதை நம்பத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ரோட்டைப் பார், ரோட்டைப் பார் என்று கத்தினார் வழிகாட்டி.

ஏற ஒன்றரை மணி நேரம் ஆனது எனக்கு. பாதியில் என் பாட்டில் காலி. டென்மார்க்குக்காரி தன் பாட்டிலை நீட்டினாள், அவள் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. வாங்கிக் குடித்துவிட்டுக் கொடுத்தேன். துடைக்காமல் அவளும் குடித்தாள். எங்கள் மாவட்டத்தில், 2022 டிசம்பரில், வேங்கைவயலில் தலித்துகளின் குடிதண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். அந்த ஊருக்கு நான் போயிருக்கிறேன், அந்தத் தொட்டியின் கீழே நின்றிருக்கிறேன். அந்த நினைப்பு வந்ததும் கியரை மாற்றினேன். ஏற்றத்தில் அதற்கு மேல் யோசிக்க மூச்சு இல்லை.

மேலே யுக் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க், கூடவே காப்பிக் கடை. சைக்கிள்காரர்கள் கூடுகிற இடம். வழிகாட்டி என் எதிரில் வந்து உட்கார்ந்து, சினேயுவில் ஏன் இறங்கினாய் என்று கேட்டார். சொன்னேன், எல்லாவற்றையும். வெளிநாட்டு ஆட்களிடம் சாதியைச் சொன்னால் இரண்டு விதமான முகம் வரும். ஒன்று, ஐயோ பாவம். இன்னொன்று, இப்போதுமா இருக்கிறது? இவர் முகம் இரண்டு மாதிரியும் இல்லை. தன் அம்மாவின் குடும்பப் பெயரைச் சொன்னார். அது பதினைந்து பெயர்களில் ஒன்று என்றார்.

மயோர்க்காவில் ஷுவெத்தா என்று ஒரு கூட்டம். 1435இல் தீவின் யூதர்கள் மொத்தமாகக் கிறிஸ்தவர்களாக வேண்டியிருந்தது. ரகசியமாகப் பழைய மதத்தைக் கும்பிடுகிறார்கள் என்று மத விசாரணை மன்றம் 1691இல் 37 பேரைக் கொன்றது. மூன்று பேரை உயிரோடு எரித்தார்கள். தண்டனை பெற்றவர்களின் பெயர்களைப் பால்மா நகரத்தில் ஒரு மடத்துக் கோவிலில் தலைமுறை தலைமுறையாகத் தொங்கவிட்டிருந்தார்கள், யாரும் மறந்துவிடக் கூடாது என்று. அந்தப் பெயர்க்காரர்களோடு மற்றவர்கள் பெண் கொடுத்துப் பெண் எடுக்க மாட்டார்கள். அவர்கள் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டார்கள், பால்மாவில் அர்ஜென்தெரியா என்கிற தட்டார் தெருவைச் சுற்றியே இருந்தார்கள். 1782இல் ராஜா உத்தரவு போட்டார், இவர்கள் எங்கே வேண்டுமானாலும் குடியிருக்கலாம், யாரும் இழிவாகப் பேசக் கூடாது என்று. இழிவு அதற்குப் பிறகும் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. வழிகாட்டியின் பாட்டிக்குப் பேசி முடித்த ஒரு கல்யாணம் அந்தப் பெயரால் நின்றுபோயிருக்கிறது. தீவின் அரசாங்கம் 1691 கொலைகளுக்காக வருத்தம் தெரிவித்தது 2011இல்.

ஷுவெத்தா என்ற சொல்லுக்கு இரண்டு காரணம் சொல்கிறார்கள். யூதன் என்பதன் சிறுமைச் சொல் என்பது ஒன்று. பன்றி இறைச்சியைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. தாங்கள் யூதர் இல்லை என்று காட்ட எல்லாரும் பார்க்கப் பன்றிக்கறி தின்றார்களாம். மாட்டுக்கறி தின்றதை மறைக்கச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். தட்டில் இருக்கிறதை வைத்துத்தான் ஆளை எடை போடுவது எல்லா இடத்திலும்.

இன்னொரு பெயரும் சொன்னார். அவர்களைத் ‘தெருக்காரர்கள்’ என்பார்களாம். அங்கே தெருவில் இருப்பது இழிவு, எங்களுக்குத் தெருவுக்குள் போவதே குற்றம் என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அன்று பூராவும் இதை யோசித்தேன். மதம் மாறியும் ரத்தம் மாறவில்லை என்று சொன்னவர்கள் ஸ்பெயின்காரர்கள். 1449இல் தொலேதோ நகரத்தில், மதம் மாறிய யூதர்களுக்குப் பதவி கிடையாது என்று ரத்தச் சுத்தம் பார்த்துச் சட்டம் போட்டார்கள். காஸ்தா என்ற சொல் அந்தத் தீபகற்பத்துடையது. போர்த்துக்கீசியர் அதை எடுத்துவந்து நம் சாதிக்குப் பேர் வைத்தார்கள், அதிலிருந்துதான் ஆங்கிலத்துக்கும் போனது. நம்ம சனங்களும் தேவாலயத்துக்குப் போனார்கள். கல்லறையில் நடுச்சுவர் எழும்பியதுதான் மிச்சம். இது எல்லாம் சரி. ஆனால் துக்கத்தைத் தராசில் வைத்து இரண்டும் சமம் என்று சொல்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. ஷுவெத்தாக்கள் கையில் பொன் வேலை இருந்தது, வியாபாரம் இருந்தது. இன்றைக்கு வழிகாட்டி முன்னால் போகிறார், பின்னால் வருகிற எட்டுப் பேரில் ஒருத்தரும் அவர் அம்மா பெயரைக் கேட்பதில்லை. எங்களுக்கு 1950இல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்துவிட்டது. எனக்கு 2006இல் சைக்கிள் கிடைத்தது. அவருடைய பாட்டி காலத்தில்தான் நான் இன்னும் இருக்கிறேன். அவரிடமே இதைச் சொன்னேன். ஆமாம் என்றார், சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அதனாலேயே அவரை மதிக்கிறேன்.

ஐந்தாம் நாள் ஓய்வு. கால் வீங்கிக் கிடந்தது. அறை துடைக்க வந்த பெண்ணோடு சைகையிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் பேசினேன். ஒரு நாளைக்கு இத்தனை அறை என்று கணக்கு, குனிந்து குனிந்து முதுகு போய்விட்டது என்று காட்டினாள். ஸ்பெயினில் ஓட்டல் துப்புரவுப் பெண்கள் லாஸ் கெலிஸ் என்ற பேரில் சங்கம் கட்டியிருக்கிறார்கள். ‘துடைக்கிறவள்’ என்பதைத்தான் அப்படி விளையாட்டாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் இஷ்டப்பட்டு உடம்பை நோகவைத்துக்கொண்டு வந்து படுக்கிற மெத்தையை, வேறு வழியில்லாமல் உடம்பு நொந்தவள் விரிக்கிறாள். அந்த ஓட்டலில் இதைப் பற்றி யாரும் பேசவில்லை. மலை எத்தனை சதவீதம் சரிவு என்றுதான் பேசினார்கள்.

ஆறாம் நாள் சோயெர். ஆரஞ்சுத் தோப்புகளின் ஊர். ஊருக்குள் நுழைகிற தெரு குறுகல், ஓரமாக ஆட்கள். கால் துடித்தது. பெடலிலேயே வைத்திருந்தேன். கடந்து போனோம். அம்மாவிடம் ராத்திரி சொன்னேன். “அங்க எறங்காம போறது பெருசில்லத்தா, அங்க யாரு கேக்கப்போறா?” என்றது. சரிதான். டயரைக் கிழிக்க ஆள் இல்லாத தெருவில் வீரம் காட்டுவதற்கு மெடல் கிடையாது. ஆனால் ஒரு தடவை இறங்காமல் போன கால், அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்தபின் என் இரண்டு அக்கா மகள்களையும் பொட்டலில் வைத்து வளைவு எடுக்கப் பழக்குகிறேன். போக வேண்டிய இடத்தைப் பார் என்கிறேன். சின்னவள் கேட்கிறாள், “சித்தி, ஊர்த்தெருவுல எப்ப ஓட்டுறது?” சங்கத்துப் பெண்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம். ஒருத்தியாகப் போனால் டயர் கிழியும். முப்பது பேர், ஒரு முழ இடைவெளியில், முறை வைத்து முன்னால் மாறி மாறிப் போவது என்று யோசனை. தேதி குறிக்கவில்லை.

விமானத்துக்கு முந்தின நாள் பால்மாவில் நேரம் இருந்தது. அர்ஜென்தெரியா தெருவைத் தேடிப் போனேன். சின்னத் தெரு. நகைக்கடைகளில் இரண்டு மூன்று பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்தேன். 1691 என்று எழுதின எதுவும் என் கண்ணில் படவில்லை. ஒரு பொடியன் சைக்கிளில் வந்தான், கூட்டத்தைப் பார்த்து மணி அடித்தான். சுவர் ஓரமாக ஒதுங்கி வழி விட்டேன்.